எல்லை கடக்கும் இருப்புப்பாதை

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கருநாடகத்தை ஒட்டிய மேட்டுநிலத்தில் அமைந்த ஊர் ஒசூர். 'ஒச' என்னும் கன்னடச் சொல் புதுமையைக் குறிக்கும். ஆதலின் ஒசூர் என்பது நம்மவர் வழங்கும் புதூரே ஆகும். பெயரில் கன்னடமும் ஆட்சியில் தமிழும் அமைந்த இவ்வூரின் கடைத்தெருவிற் சென்று நிற்போர் செவியில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகிய நான்கு மொழிகளும் ஒருங்கே வந்து விழும். ஒருவர் தெலுங்கில் விலை கேட்பார். கடைக்காரர் தமிழில் விடையிறுப்பார். அருகில் நிற்பவர் கன்னடத்தில் அவ்விலையைக் குறைக்கச் சொல்வார். மூவருக்கும் பொருள் விளங்கும், பேரமும் முடியும். மொழிக்கு எல்லை வகுத்தோர் இக்கடைத்தெருவைக் கண்டிலர் போலும்!

சென்ற நூற்றாண்டின் எழுபதுகளில் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் இங்குத் தொழிற்பேட்டை அமைத்தது. அதன்பின் ஊரின் தோற்றமே மாறியது. அசோக் லேலண்டின் சரக்குந்துகளும், டி.வி.எஸ். நிறுவனத்தின் இருசக்கர வண்டிகளும், டைட்டன் கைக்கடிகாரங்களும் இவ்வூர்ப் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. 2004-ஆம் ஆண்டு பிறந்த கிருட்டிணகிரி மாவட்டத்தில், தலைநகராகிய கிருட்டிணகிரியைக் காட்டிலும் ஒசூரே பெரிதாய் வளர்ந்து, 2019-இல் மாநகராட்சியும் ஆயிற்று. ஊர் வளர்ந்த அளவிற்கு வழி வளரவில்லை என்பதே இப்போதுள்ள குறை.

காசுமீரம் முதல் குமரி வரை நீளும் 44-ஆம் தேசிய நெடுஞ்சாலை ஒசூரை ஊடறுத்துச் செல்கின்றது. பிற ஊர்களுக்கு அது நெடுஞ்சாலை. ஒசூருக்கோ அதுவே தலைமைத் தெருவும் ஆகும். வடநாட்டிலிருந்து சரக்கேற்றி வரும் பார வண்டியும், மூக்கண்டப்பள்ளியிலிருந்து தொழிற்சாலைக்கு மிதிவண்டியிற் செல்லும் தொழிலாளியும் ஒரே தெருவில் வழி தேடுகின்றனர். வைகறையில் ஜூஜூவாடி எல்லையருகே நின்று காண்போர்க்கு இரு வெள்ளங்கள் எதிரெதிரே பாய்வது புலனாகும். ஒசூரிற் குடியிருந்து பொம்மசந்திராவிலும் மின்னணு நகரத்திலும் பணி செய்வோர் வடக்கு நோக்கிச் செல்வர். பெங்களூரிற் குடியிருந்து ஒசூரின் ஆலைகளிற் பணி செய்வோர் தெற்கு நோக்கி வருவர். அத்திப்பள்ளியில் ஒரு பேருந்திலிருந்து இறங்கி மற்றொரு பேருந்தை நாடுவோரும் பலர். எட்டு மணி நேர உழைப்பிற்கு முன்னும் பின்னும் இவர்கள் தெருவிற் செலவிடும் பொழுதிற்கு ஊதியம் தருவார் எவரும் இலர்.

இத்துயர் தீர்க்கும் வழியாக இன்று பேசப்படுவது மெட்ரோ என்னும் நகர மின்தொடர்வண்டி. பெங்களூரு நகரின் மஞ்சள் வழித்தடம் 2025-ஆம் ஆண்டு ஆகத்து 10-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. இராட்டிரீய வித்தியாலயச் சாலையிற் புறப்பட்டு, நெரிசலுக்குப் பேர்போன பட்டு வாரியச் சந்திப்பையும் மின்னணு நகரத்தையும் கடந்து, 19 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவில், 16 நிலையங்களோடு அது பொம்மசந்திராவில் வந்து நிற்கின்றது. அங்கிருந்து ஒசூருக்கு அதனை நீட்டுதல் கூடுமா என ஆராய இரு மாநில அரசுகளும் இசைந்தன. சென்னை மெட்ரோ நிறுவனம் அவ்வாய்வை மேற்கொண்டது. நீட்ட வேண்டிய தொலைவு ஏறத்தாழ 23 கிலோமீட்டர். அதில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பகுதி கருநாடக நிலத்தினது, எஞ்சியது தமிழகத்தினது.

இரும்புத் தண்டவாளம் இந்நிலத்திற்குப் புதியதன்று. 1905-ஆம் ஆண்டு திருப்பத்தூரிலிருந்து கிருட்டிணகிரிக்கும், 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் இரண்டரை அடி அகலமுள்ள சிறு இருப்புப்பாதைகள் இடப்பட்டன. தருமபுரிப் பாதை 1913-இல் ஒசூர் வரை நீண்டது. வானம் பொய்த்துப் பஞ்சம் வந்துற்ற காலத்தில் தானியம் கொண்டு சேர்ப்பதற்கென அமைந்த பாதைகள் அவை. இரண்டாம் உலகப்போர் மூண்டது, 1941-இல் அவை மூடப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. பின்னாளில் சேலத்தையும் பெங்களூரையும் இணைக்கும் இருப்புப்பாதை ஒசூருக்கு வந்தது. கிருட்டிணகிரிக்கோ போனது போனதே. மாவட்டத் தலைநகரொன்று எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புகைவண்டி நிலையம் இன்றி இருக்கின்றது. ஒருமுறை பெயர்த்த பாதையை மீண்டும் இடுதல் எத்துணை அரிது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. இன்று கைக்கெட்டும் தொலைவில் வந்து நிற்கும் பாதையைக் கைவிட்டால் இன்னும் எத்தனை தலைமுறை காத்திருக்க நேருமோ?

சேலம்–பெங்களூரு இருப்புப்பாதையே போதாதா எனச் சிலர் வினவுகின்றனர். அப்பாதையை இரட்டையாக்குதல் வேண்டுவதே; அதனால் நன்மையும் விளையும். ஆயினும் நெடுஞ்சாலையோரத்து ஆலைகளினின்றும் அது விலகிச் செல்கின்றது. சரக்கு வண்டிக்கும் தொலைதூர வண்டிக்கும் வழிவிட்டு நிற்க வேண்டிய பாதையில், சில மணித்துளிக்கு ஒன்றாக நகர வண்டியை ஓட்டுதல் எளிதன்று. இனி, ஒசூரில் விமான நிலையம் அமைக்கப்படும் என 2024-இல் தமிழக அரசு அறிவித்தது. அதனைப் பற்றிய பேச்சே எங்கும் பெரிதாய் இருக்கின்றது. வானிற் பறப்போர் சிலர். நாள்தோறும் எல்லை கடப்போர் பலர் என்பதை மட்டும் ஈண்டுச் சுட்டி, எடுத்த பொருளுக்குச் செல்வோம்.

பாதையை நீட்டுவதற்கு இடையூறாக நிற்பது யாது? மலையன்று; ஆறன்று; மின்சாரமே ஆகும். பெங்களூரு மெட்ரோ, தண்டவாளத்தின் அருகே தரையிலேயே செல்லும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட்டு நேர்திசை மின்னோட்டத்தைப் பெற்று ஓடுகின்றது. சென்னை மெட்ரோவோ தலைக்கு மேலே கட்டிய கம்பியிலிருந்து 25,000 வோல்ட்டு மாறுதிசை மின்னோட்டத்தைப் பெறுகின்றது. ஒசூர்ப் பாதைக்குச் சென்னையின் முறையே ஆய்வறிக்கையிற் கூறப்பட்டது. இரண்டும் ஒவ்வா ஆதலின் ஒரே பாதையாக இணைத்தல் இயலாது எனப் பெங்களூரு மெட்ரோ நிறுவனம் 2025-இல் கருத்துரைத்தது. தண்டவாளத்தின் அகலம் இரண்டிற்கும் ஒன்றே. சக்கரம் ஒன்றுபட்டும் மின்சாரம் வேறுபட்டமையால் வண்டி எல்லையில் நிற்க வேண்டுமாம்!

மின்முறையில் ஏன் இவ்வேறுபாடு? குறைந்த மின்னழுத்தத்தில் மின்சாரத்தை நெடுந்தொலைவு செலுத்தினால் வழியிலேயே பெரும்பகுதி வெப்பமாகி வீணாகும். ஆகவே மூன்றாம் தண்டவாள முறையில் சிறு தொலைவிற்கு ஒன்றாகத் துணை மின்நிலையங்கள் அமைத்தல் வேண்டும். உயர் அழுத்த முறையில் அவை சிலவே போதும், இழப்பும் குறையும். சென்னை தனக்கென ஒரு முறையைத் தேர்ந்ததில் தவறில்லை. பெங்களூரு தேர்ந்த முறையிலும் ஒரு நலன் உண்டு: மேலே கம்பியும் கம்பமும் வேண்டாமையால் பாதை தாழ அமையும், சுரங்கமும் சிறிதாகும். அவரவர் ஊரில் அவரவர் முறை நன்றே. இரண்டு ஊர்களும் தழுவிக்கொள்ள வரும் இடத்தில்தான் முரண்பாடு தோன்றுகின்றது.

இம்முரண்பாடு உலகில் வேறெங்கும் தீர்க்கப்படாத ஒன்றா எனில், அன்று. இலண்டன் மாநகரில் தேம்சு ஆற்றிற்கு வடக்கேயுள்ள இருப்புப்பாதைகள் 25,000 வோல்ட்டு மாறுதிசைக் கம்பியினாலும், தெற்கேயுள்ளவை 750 வோல்ட்டு நேர்திசை மூன்றாம் தண்டவாளத்தினாலும் இயங்குபவை. ஒசூருக்குச் சொல்லப்பட்ட அதே இரண்டு முறைகள்! 1988-ஆம் ஆண்டு முதல் தேம்சுலிங்க் என்னும் தொடர்வண்டிகள் நகரின் நடுவே ஒரு முறையை விட்டு மற்றொன்றிற்கு மாறி, வடக்கையும் தெற்கையும் இணைத்து ஓடி வருகின்றன. வண்டி நிலையத்தில் நிற்கும் சிறு பொழுதிலேயே அம்மாற்றம் நிகழும். இருந்த இடம் விட்டுப் பயணி எழ வேண்டுவதில்லை. செருமனியின் கார்ல்சுரூ நகரில் 1992 முதல், தெருவில் 750 வோல்ட்டில் ஓடும் டிராம் வண்டியே ஊரெல்லை கடந்ததும் 15,000 வோல்ட்டு இருப்புப்பாதையில் ஏறி அயலூர்களுக்குச் செல்கின்றது.

இந்நிலத்திற்கு உரிய பழஞ்செய்தி ஒன்றும் நினைக்கத் தக்கது. தகடூரை ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், உப்பு வணிகராகிய உமணரின் வண்டியை அவனுக்கு உவமை கூறுவதைப் புறநானூற்றிற் காணலாம். வழியில் மேடு வருமோ பள்ளம் வருமோ என எண்ணி, உமணர் தம் வண்டியின் கீழ்ச் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வராம். இன்றைய தருமபுரியே அன்றைய தகடூர். பல நாடு கடந்து பயணம் செய்த அவ்வணிகர், வழி தம் வண்டிக்கு ஏற்ப அமைய வேண்டும் எனக் காத்திருக்கவில்லை. வழிக்கு ஏற்ப வண்டியை அமைத்துக்கொண்டனர். இருவகை மின்சாரத்தையும் ஏற்கும் வண்டி அச்சேம அச்சினைப் போன்றதே.

ஆயினும் அத்தகைய வண்டிக்குப் பொருட்செலவு மிகுதி, எடையும் மிகுதி. மின்சாரமேயன்றி, வண்டியை ஆளும் சைகை முறையும் இரு பாதைகளுக்கும் ஒத்திருத்தல் வேண்டும். 23 கிலோமீட்டருக்காக இத்துணைச் சுமையை ஏற்பதினும் எளிய வழியொன்று உண்டு. பொம்மசந்திராவில் முடியும் மஞ்சள் பாதையின் முறையையே ஒசூர் வரை கைக்கொள்வதுதான் அது. தமிழக நிலத்தில் வரும் பகுதி ஏறத்தாழ 11 கிலோமீட்டரே. அதற்குச் சில துணை மின்நிலையங்களைக் கூடுதலாக அமைத்தல் பெரும்பாடு ஆகாது. தமிழகத்துப் பாதைக்குச் சென்னையின் முறையே வேண்டும் என்பது, விருந்துக்குச் செல்வோன் தன் வீட்டு அடுப்பையும் தலையிற் சுமந்து செல்வதை ஒக்கும். ஒசூர்ப் பாதை என்றேனும் சென்னைப் பாதையோடு இணையப் போவதுண்டா? முந்நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையோடு முறை ஒத்திருந்து, அடுத்த நிலையத்தோடு ஒவ்வாதிருத்தலால் விளையும் பயன் யாது?

இதற்கும் மனமில்லையேல் மூன்றாவது வழியும் நம் நாட்டிலேயே உண்டு. தில்லி மெட்ரோ 25,000 வோல்ட்டுக் கம்பியில் ஓடுவது. அது தில்லியின் எல்லை கடந்து 2009-இல் உத்தரப்பிரதேசத்தின் நொய்டாவிற்கும், 2010-இல் அரியானாவின் குருகிராமத்திற்கும் சென்றது. குருகிராமத்தில் 2013-இல் தொடங்கிய மற்றொரு மெட்ரோவோ 750 வோல்ட்டு மூன்றாம் தண்டவாளத்தில் ஓடுகின்றது. இரண்டும் சிக்கந்தர்பூரில் சந்திக்கின்றன. பயணிகள் ஒரு நடைபாலத்தின் வழியே மாறிச் செல்கின்றனர். பொம்மசந்திராவிலும் இவ்வாறு செய்யலாம். ஆனால் நெடும்படி ஏறி இறங்கி மாறுவதாக அஃது அமைதல் கூடாது. ஒரே நடைமேடையின் ஒருபுறம் பெங்களூரு வண்டியும் மறுபுறம் ஒசூர் வண்டியும் நிற்க, பயணி பத்தடி நடந்து ஏறுமாறு கட்டுதல் வேண்டும். மூன்று வழிகளுள் இது கடைத்தரமே. எனினும் பாதையே இல்லாமையினும் பன்மடங்கு மேலானது.

மின்சாரத்தினும் வலிய தடை மனத்தில் உள்ளது. ஒசூருக்கு மெட்ரோ சென்றால் பெங்களூரின் தொழில்களும் முதலீடும் தமிழகத்திற்குப் பெயர்ந்துவிடும் எனக் கருநாடகத்திற் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை எள்ளி ஒதுக்குதல் அறிவுடைமை ஆகாது. நிலவிலையும் குடியிருப்பும் பாதை செல்லும் திசையை நாடும் என்பது உண்மையே. ஆனால் பாதை இருதிசையினும் ஓடுவது. ஒசூரில் ஈட்டிய ஊதியத்தைக் கொண்டு பெங்களூரில் துணி வாங்குவோரும், மருத்துவமனை நாடுவோரும், கல்லூரிக்குப் பிள்ளைகளை விடுப்போரும் அதே வண்டியிற் செல்வர். பட்டு வாரியச் சந்திப்பில் நாள்தோறும் தேங்கி நிற்கும் ஊர்திகளுள் ஒசூர்த் திசையினின்று வருவன குறையுமாயின், அந்நலன் பெங்களூரு மக்களுக்கே உரியது. தமிழகத்திலும் சிலர் இப்பாதையை அண்டை மாநிலத்தை வென்று கொண்டுவரும் கொடியைப் போலப் பேசுகின்றனர். அப்பேச்சு அங்குள்ள அச்சத்திற்கு எண்ணெய் வார்ப்பதன்றிப் பிறிதொரு பயனும் தாராது.

2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் காவிரிப் பூசல் மூண்டபோது பெங்களூரில் பேருந்துகள் கொளுத்தப்பட்டன. இரு மாநிலப் பேருந்துகளும் எல்லையில் நின்றன. கையில் மூட்டையும் இடுப்பிற் குழந்தையுமாக மக்கள் அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே நடந்தே சென்றனர். நடந்தவருள் தமிழரும் இருந்தனர், கன்னடரும் இருந்தனர். வெயில் இருவருக்கும் ஒன்றே. இத்தகைய நாள் மீண்டும் வந்தால் மெட்ரோவும் நிற்கும் அன்றோ எனக் கேட்கலாம். நிற்கக் கூடும். ஆயினும் இரு மாநிலத்துப் பணமும் பணியாளரும் ஒன்றுகூடி நடத்தும் வண்டியை நிறுத்துவதற்கு முன், இருபுறமும் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுவர்.

பிரெஞ்சு நாட்டையும் செருமனியையும் பிரிக்கும் இரைன் ஆறு 1870 முதல் 1945 வரை மூன்று பெரும்போர்களைக் கண்டது. காவிரிப் பூசலை அவற்றின் முன் வைத்து எண்ணவும் ஒண்ணாது. 2017-ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரெஞ்சு நகராகிய ஸ்திராஸ்பூரின் டிராம் பாதை, புதிய பாலத்தின்மேல் அவ்வாற்றைக் கடந்து செருமனியின் கேல் நகருக்கு நீண்டது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர டிராம் வண்டிகள் பிரெஞ்சு நிலத்திற்கும் செருமானிய நிலத்திற்கும் சென்று மீள்கின்றன. வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு மொழிகள். ஒரே நாட்டின் இரு மாநிலங்கள், அவையும் உடன்பிறந்த மொழி பேசுவன, ஒரு பாதைக்கு உடன்படலாகாதா?

பாதை இட்டால் மட்டும் போதாது. அது நிலைத்து ஓடவும் வேண்டும். சென்னையில் 1895-ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடியது. இந்திய நாட்டில் மின்சார டிராம் முதன்முதல் ஓடியது அங்கேதான். கடன் முற்றி, நடத்திய நிறுவனம் நொடித்துப்போக, 1953 ஏப்ரலில் அது நின்றது. பேருந்தும் கையிழு வண்டியும் நெருங்கிய தெருவில் வேறு வழியின்றி அவற்றின் பின்னே ஊர்ந்தமையும், வரவு செலவிற்குப் பற்றாமையும் அதன் நலிவிற்குக் காரணங்கள். ஒசூர்ப் பாதை தெருவிற்கு மேலே தூண்களின்மீது தனிவழியாகச் செல்லும். ஆதலின் முதற்குறை அதற்கு இல்லை. இரண்டாவதே கருத வேண்டியது. பெங்களூரு மெட்ரோவின் மிகுதியான கட்டணம் 2025 பிப்ரவரியில் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்ந்தது. எல்லைக்கு இப்பால் ஒரு நிறுவனமும் அப்பால் ஒரு நிறுவனமும் தனித்தனியே தொடக்கக் கட்டணம் வாங்குமாயின், நாள்தோறும் போய் மீளும் தொழிலாளியின் கூலியில் பெரும்பங்கு சீட்டிற்கே போய்விடும். வண்டி மேலே வெறுமையாய் ஓட, அவர் கீழே பழைய பேருந்தின் படியில் தொங்கிச் செல்வார். இரு நிறுவனங்கள் நடத்தினும் சீட்டு ஒன்றாகவும், தொலைவு கணக்கிடும் முறை ஒன்றாகவும் இருத்தல் வேண்டும். நெடுஞ்சாலையையும் மேம்பாலத்தையும் அரசு தன் பொருளால் அமைக்கும்போது, மெட்ரோவின் செலவை மட்டும் பயணியின் தலையில் முழுதும் சுமத்துவது எவ்வகையிலும் நேர்மையன்று.

நிலையங்கள் எங்கே அமையும் என்பதும் சிறிய வினாவன்று. நெடுஞ்சாலையின் மேலே உயர நிற்கும் நிலையத்தில் இறங்குவோர், அங்கிருந்து சிப்காட்டின் உட்தெருக்களுக்கும் சந்திரசூடேசுவரர் மலையடியிலுள்ள பழைய ஊருக்கும் செல்லுதல் வேண்டும். அதற்குரிய சிற்றுந்துகளை வண்டியின் காலத்திற்கு ஏற்ப அரசு ஓட்டாவிடின், மெட்ரோவிற் சேமித்த அரைமணியைப் பயணிகள் தானியங்கி மூவுருளியின் பேரத்தில் இழப்பர்.

இம்மாவட்டத்து மின்னணு ஆலைகளில் இன்று பணி செய்வோருள் இளம்பெண்கள் மிகப் பலர். தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்போரும் அவருள் உண்டு. ஆலையின் முறைப்பணி மாலையோடு முடிவதில்லை, இரவிலும் முடியும். ஆதலின் கடைசி வண்டி புறப்படும் நேரத்தை அலுவலகம் செல்வோரின் கடிகாரத்தைப் பார்த்து வகுத்தல் கூடாது. இரண்டாம் முறைப்பணி முடித்து வெளிவரும் பெண்ணொருத்தி, ஆலை வாயிலிலிருந்து நிலையத்திற்கு நடந்து, சீட்டுப் பெற்று ஏறும் வரை அவ்வண்டி நடைமேடையிற் காத்து நிற்குமாறு கால அட்டவணை எழுதப்படுதல் வேண்டும்.